இன்று விற்றால் எவ்வளவு?

(பொன்விழா வணிகர் அமர்வில் ஆற்றிய உரை)





கணக்கியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ரமலான் நெருங்கும்போது நம் கடைகளில் எழும் ஒரு கேள்வியைத்தான் அவர் தம் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: இருக்கும் சரக்குக்கு எந்த விலை போடுவது? வாங்கிய விலையா, இன்றைய விலையா?

ரேமண்ட் சேம்பர்ஸ் 1917இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரில் பிறந்தார். வேலை பார்த்துக்கொண்டே சிட்னி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பணியாற்றினார். பிறகு தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியரானார். (பாலிடெக்னிக்கில் படித்த எங்களுக்கு இதில் தனி மகிழ்ச்சி!) 1953இல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1960இல் அங்கே கணக்கியலின் முதல் பேராசிரியரானார். அவர் 1965இல் தொடங்கிய 'அபாக்கஸ்' ஆய்விதழ் இன்றும் வருகிறது.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் பெரிய நிறுவனங்கள் சில சரிந்தன. எச்.ஜி. பாமர் என்ற நிறுவனம் மின்சாதனங்களைத் தவணைக்கு விற்றது. வாராக் கடனுக்குப் போதிய ஒதுக்கீடு செய்யாமலே லாபம் காட்டி வந்தது, 1965இல் விழுந்தது. கணக்கறிக்கையை நம்பிப் பணம் போட்டவர்கள் கைவிரலைச் சூப்பினார்கள்.

சேம்பர்ஸ் சொன்னது இதுதான். பத்தாண்டுக்கு முன் வாங்கிய கட்டடத்தின் விலையையும் போன மாதம் வாங்கிய சரக்கின் விலையையும் ஒன்றாகக் கூட்டினால் வரும் தொகைக்கு என்ன பொருள்? ஒவ்வொன்றும் இன்று முறையாக விற்றால் என்ன ரொக்கம் தரும் என்று எழுதுங்கள். 1966இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். கணக்காளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. யாரும் வாங்காத இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் மதிப்பு சுழிதான் என்றார். அந்த இடத்தில் மறுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. 1978இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று இதையே பரிந்துரைத்தார். சட்டம் மாறவில்லை. 1999இல் மறைந்தார்.

2011இல் வந்த அனைத்துலகத் தரநிலை, நியாய மதிப்பு என்பதே விற்றால் கிடைக்கும் விலைதான் என்று வரையறுத்தது. ஆனால் கடைச் சரக்குக்குப் பழைய விதியே: வாங்கிய விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அது. ஏட்டில் சரக்கு விலை இறங்கும். வாங்கிய விலைக்கு மேல் ஏறாது.

நமக்குச் சிக்கல் இங்கேதான். மூட்டை 50 வெள்ளிக்கு வாங்கிய 200 மூட்டை அரிசி, இன்று 60 வெள்ளிக்குப் போகிறது என்று வையுங்கள். கணக்காளர் தரும் அறிக்கையில் 10,000 வெள்ளி. வியாபாரச் சரக்குக்கு ஆண்டு நிறைவடையும் நாளின் சந்தை விலையே என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அப்படியானால் 12,000. இரண்டரை விழுக்காடு ஜகாத் 250 அல்ல, 300. அந்த 50 வெள்ளி ஏழையின் பங்கு. வரிக்குத் தந்த அறிக்கையை அப்படியே எடுத்து ஜகாத் கணக்குப் போட்டால் அது கண்ணில் படாது.

மாறாக, போன பெருநாளுக்கு 8,000 வெள்ளிக்கு எடுத்த துணி இன்று 3,000க்குத்தான் போகும் என்றால், 3,000க்குக் கொடுத்தால் போதும். இதில் ஏடும் ஜகாத்தும் ஒத்துப்போகின்றன.

ஆகவே ஆண்டு நிறைவு நாளில் இருப்பெடுக்கும்போது, தாளில் இன்னொரு பத்தி கோடு போட்டு அன்றைய விலையையும் எழுதச் சொல்லுங்கள். மொத்த விலையா, சில்லறை விலையா என்ற கேள்விக்கு ஹஜ்ரத் அவர்கள் அடுத்துப் பதிலளிப்பார்கள்.