சாய்ந்த வீட்டு மரம்: விறகா, பலகையா?

2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்து வேலூர்ப் பக்கம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்படியொரு காற்று அடித்து ஓய்ந்த காலையில் வாசலில் ஒரு வேம்போ பூவரசோ படுத்துக்கிடந்தால் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும்? முதலில் வழியைத் திறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "காசு எதுவும் வேண்டாம், நாங்களே அறுத்து எடுத்துக்கிட்டுப் போறோம்" என்றால் பெரிய உதவியாகத்தான் இருக்கும். மெஷின் ரம்பம் ஓடும். மதியத்துக்குள் மரம் முழுக்க இரண்டடித் துண்டுகளாகிவிடும்.

மரத்தின் விலை போவது அந்தச் சில மணி நேரத்தில்தான். இரண்டடித் துண்டில் நிலைக்கால் வராது, கட்டில் சட்டம் வராது. அது விறகாக எடைக்குப் போகும். அதே அடிமரம் ஏழு, எட்டு அடி நீளத்தில் முழுசாக இருந்தால் மில்லில் கன அடிக் கணக்கில் பேசலாம். அதனால் கிளைகளை மட்டும் கழித்து வழியைத் திறந்துகொள்ளுங்கள். அடிமரம் ஒரு வாரம் ஓரமாகக் கிடக்கட்டும்.

இனி அளவு. தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுக்க வேண்டும். வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் வைத்து மறுபடி பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி என்றால் பன்னிரண்டரை கன அடி. உருண்டைக் கணக்கில் பார்த்தால் உண்மையில் அதில் கிட்டத்தட்ட 16 கன அடி மரம் இருக்கிறது. இந்த நாலில் ஒரு பங்குக் கணக்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துவிடுகிறது. அறுவையில் போகும் சேதாரத்துக்காக வைத்த கழிவு அது. ஆகவே, சேதாரம் என்று சொல்லி மறுபடியும் பாதியைக் கழிக்க வந்தால் கேள்வி கேளுங்கள். பட்டையோடு அளப்பதா, பட்டை நீக்கியா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டரையில் பாதி தேறினால்கூட, நாலுக்கு மூன்று அங்குலச் சட்டத்தில் ஏழடி உயர வாசல் நிலை மூன்று செய்யலாம். ஆனால் சுற்றளவு பாதியானால் கன அடி காலாகிவிடும். 30 அங்குலக் கிளைக்காக ரொம்ப வாதாட வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் மில்காரர் தயங்குவார். காரணம் ஆணி. தோப்பு மரத்தில் இந்தத் தொல்லை குறைவு. வீட்டு மரத்தில் கொடிக்கம்பி கட்டியிருப்போம், ஊஞ்சல் சங்கிலி மாட்டியிருப்போம், மாடு கட்ட வளையம் அடித்திருப்போம். புளியமரமானால் பேய் ஓட்டியவர் முடிக்கற்றையை வைத்து அடித்த ஆணிகூட இருக்கும். மரம் பருக்கும்போது ஆணியை விழுங்கிவிடும். ஆனால் அது மேலே ஏறாது. அடித்த உயரத்திலேயே இருக்கும். மனிதர் கைக்கு எட்டும் முதல் ஆறடிதான் ஆணி நிறைந்த பகுதி. அதுவேதான் பருமனான, விலையுள்ள பகுதியும். ரம்பப் பட்டை ஓடும் வேகத்தில் ஓர் ஆணியில் மோதினால் பற்கள் போகும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கும் ஆபத்து. மில்காரர் விலையைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது.

உள்ளே இரும்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தோல் தொழில் தெரிந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதற்கான வழி புதிதல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டவர்கள் இரும்பைத் தொட்டிப் பக்கமே விடமாட்டார்கள். துரு பட்ட இடத்தில் தோல் கறுத்துப்போகும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலம். பழைய காலத்தில் கடுக்காய் மை காய்ச்சியதும் இதை வைத்துத்தான். மரத்துக்குள்ளும் அந்தத் துவர்ப்பு உண்டு. அறுத்த முகத்தில் கருநீலக் கறை கண்டால், அந்த நாரோட்டத்தில் மேலேயோ கீழேயோ இரும்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கருவேலத்திலும் நாவலிலும் இது தெளிவாகத் தெரியும். எல்லா மரத்திலும் தெரியாது. புளியின் வைரம் இயல்பாகவே கருஞ்சிவப்பு, அதைக் கறை என்று எண்ணி ஏமாறக் கூடாது. கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி ஒன்றைத் தடி முழுக்க ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. வீட்டுப் பெரியவர்களிடம், "இந்த மரத்தில் எங்கெங்கே என்ன கட்டினீர்கள்?" என்று கேளுங்கள். கொடி கட்டிய பாட்டிக்கு அந்த இடம் மறந்திருக்காது.

எந்த மரம் என்பதும் விலையை மாற்றும். வேம்பின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது; நிலைக்கு ஏற்றது. பூவரசு நன்றாக இழைபடும், மெருகேறும். அந்தக் காலத்தில் வண்டிப் பட்டறையில் விரும்பி வாங்குவார்கள். புளி அறுப்பதற்குக் கடினம், ஆனால் கறிக்கடைக் கட்டைக்கு அதை மிஞ்ச வேறில்லை. பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில் அதற்குத் தேவை இல்லாமல் போகுமா? கத்தி விழும் கட்டை என்பதால் அதிலும் ஆணி இருக்கக் கூடாது. மா சீக்கிரம் உளுத்துவிடும்; கிடப்பில் போடாமல் உடனே அறுத்துவிட வேண்டும். சாய்ந்தது சந்தனமாக இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். சொந்த நிலத்து மரமானாலும் முதலில் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தடி கிடக்கும் நாட்களில் இரண்டு முனையிலும் பழைய பெயின்ட்டோ மெழுகோ கனமாகப் பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும்; வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அறுத்த பலகைகளை நிழலில், தரையில் படாமல், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே குறுக்கே ரீப்பர் வைத்து, மேலே பாரம் ஏற்றி அடுக்குங்கள். வேலூர் வெயிலில் மொட்டைமாடியில் பரப்பினால் பலகை முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்த ஆசாரியும் அதை வாங்க மாட்டார்.