இறுங்கும் இரிங்கும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், தம்புள்ளைப் பக்கம் சோளனை அவித்து விற்பார்கள். எங்கள் வீட்டில் அதைத் தணலில் சுடுவோம். பறித்த அன்றே சுடவேண்டும். பிந்தினால் மணியின் சர்க்கரை மாப்பொருளாகிவிடும். நாரைக் களைந்து, உட்தோலோடு நீரில் நனைத்து, திருப்பித் திருப்பி வாட்டுங்கள். பின் தோலை உரித்து, மணி சிவக்கும்வரை தணலிற் காட்டுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தால் போதும்.

நாவுக்கு இவ்வளவு. தமிழாசிரியனுக்குப் பெயரிலும் சுவையுண்டு. சோளன் நமது பழந்தானியமன்று, மெக்சிக்கோவுக்குரியது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த பின்னரே கீழைநாடுகளுக்கு வந்தது. வந்த விருந்தாளிக்கு, முன்பிருந்த தானியத்தின் பெயரையே இரு மொழியாரும் சூட்டினோம். தமிழில் சோளன், சிங்களத்தில் ‘படஇரிங்கு’. பழஞ்சோளத்துக்கு நம் முதியோர் வழங்கும் பெயரோ ‘இறுங்கு’. காதில் விழும்போதே உறவு தெரிகிறதல்லவா?

1983 யூலையில் தமிழர் கடைகள் எரிந்த நகரம் இது. அதே நகரில், அயல்வீட்டுச் சிங்கள அம்மா ‘இரிங்கு’ என்று கதிரொன்றை நீட்டுகிறார். ‘இறுங்கு’ என்று நான் வாங்கிக்கொள்கிறேன். இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. பிரிந்ததைச் சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். பொதுவாயிருப்பதைச் சொல்லிவைப்பது மொழி கற்பிப்போர் கடமை என்று நினைக்கிறேன்.