மனு தமிழில், பலகை எந்த மொழியில்?



கோவளம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். உணவகத்து வாசலிலும் ஆயுர்வேத நிலையத்திலும் ரஷ்ய எழுத்தில் பலகை தொங்கும். அதற்காக யாரும் போராடவில்லை, சட்டமும் போடவில்லை. வருகிறவர் படிக்கட்டும் என்று கடைக்காரரே எழுதி வைத்தார். நல்ல காரியம். நாளைக்கு ஜப்பான்காரர்கள் வந்தால் ஜப்பானிய மொழியிலும் எழுதட்டும். இதனால் மலையாளம் தேய்ந்துவிட்டதா? இல்லையே! தமிழில் ஒரு வரி கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

திருவனந்தபுரத்துத் தமிழர்களான நாம் வந்தேறிகளா? 1956 நவம்பர் 1-ல் தோவாளையும் அகத்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தின் பக்கம் போயின. நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம். இந்த நகரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரனாரின் நாடகத்திலிருந்து எடுத்த வாழ்த்தைத்தான் தமிழ்நாடு எழுந்து நின்று பாடுகிறது. எழுத்தாளர் ஆ. மாதவன் இங்குள்ள சாலைத் தெருவைக் கதைகளாக்கியது தமிழில்தான்.

ஆனால் பழம்பெருமைக்காக நான் பலகை கேட்கவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் புற்றுநோய் வைத்தியத்துக்கு வந்து விடிகாலையில் இறங்குகிறார்களே, அவர்களுக்காகக் கேட்கிறேன். ஒரு கையில் ஸ்கேன் கவர், மறு கையில் தூக்குப் பாத்திரம். அப்படி வரும் ஓர் அம்மாவுக்கு, மலையாளம் பேசினால் முக்கால்வாசி புரியும், எழுத்துத்தான் தெரியாது. ரத்தம் எங்கே கொடுப்பது, பணம் எங்கே கட்டுவது, கதிர்வீச்சு எந்த மாடியில், எல்லாவற்றுக்கும் எதிர்ப்படுகிறவரை நிறுத்திக் கேட்க வேண்டும். மூன்றாவது ஆள் எரிந்து விழுகிறார். நோயின் வலி போதாதா அந்த அம்மாவுக்கு?

சட்டம் என்ன சொல்கிறது? 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அந்த மொழியிலேயே வரவேண்டும். அந்தச் செயலகம் இருப்பது இந்த ஊரில்! தமிழில் மனு எழுத உரிமை கொடுத்தவர்கள், அதை எந்த மேசையில் கொடுப்பது என்று தமிழில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

மலையாளம் மேலே, பெரிய எழுத்தில் இருக்கட்டும். நம் பிள்ளைகளும் அதைப் படிக்கட்டும். கீழே தமிழ் வேண்டும். வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறவருக்கு, கூலியும் ஆபத்தும் பற்றிய அறிவிப்பு அவர் மொழியிலும் வேண்டும். அவரை மறந்துவிட்டு நமக்கு மட்டும் கேட்டால் அது நியாயமல்ல.

இன்று நீங்கள் கையெழுத்திடும் மனு செயலகம், அரசு மருத்துவமனைகள், தம்பானூர் பேருந்து நிலையம் ஆகிய இடங்களுக்குத் தமிழ்ப் பலகை கேட்கிறது. அதைத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். தமிழில் பதில் வரும்வரை விடமாட்டோம்.