சீட்டு உதிர்ந்த ஜாடி
விலங்கியல் கற்பித்தல் குறித்த கருத்தரங்கில் ஆற்றிய தலைமையுரை



இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும்படி அமைப்பாளர்கள் கேட்டபோது, பணி ஓய்வு பெற்றவனைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தால் பழங்கதை கேட்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தேன். துணிந்துவிட்டார்கள். ஆகவே பழங்கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கல்லூரியில் துறை அருங்காட்சியகம் என் பொறுப்பு. பொறுப்பு என்றால், கோடை விடுமுறைக்கு முன்னால் ஜாடிகளில் வற்றிய ஃபார்மலினை நிரப்பி, மூடியைச் சுற்றி வாசலின் தடவி, கண் எரிய வெளியே வருவது. மேல் தட்டின் மூலையில் ஒரு கடல்பாம்பு ஜாடி இருந்தது. பாம்பின் நிறம் போயிருந்தது. மற்றபடி செதில் ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் வெளியே ஒட்டியிருந்த சீட்டை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. செதில்களை எண்ணி இனத்தைக் கண்டுபிடித்தோம். எந்தக் கரையில், எந்த ஆண்டில், யார் வலையில் சிக்கியது என்பதை எந்தச் செதிலும் சொல்லவில்லை. அந்தப் பாம்பு இரண்டு முறை செத்தது என்று நினைத்துக்கொண்டேன்: வலையில் ஒரு முறை, சீட்டு போன அன்று மறுமுறை.

நம் பட்டப்படிப்பும் அந்த ஜாடி மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். உள்ளே விலங்கு பத்திரமாக இருக்கிறது. இடமும் நாளும் ஊரார் வழங்கும் பெயரும் உதிர்ந்துபோயிருக்கின்றன.

இந்தத் துறை நம் கரையில் சீட்டோடுதான் தொடங்கியது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். 1791-இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெஃப்டினன்ட், அங்கே ஒரு பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழ் 1797-இல் அதை வெளியிட்டது. 'ஏறுவது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அவர் அதற்கு வைத்தார். நம் ஊரில் அந்த மீனுக்குப் பெயரே பனையேறி. அது தானே ஏறியதா, காகமோ பருந்தோ தூக்கிக்கொண்டுபோய் மட்டையிடுக்கில் போட்டதா என்று பின்னால் வந்தவர்கள் வாதித்தார்கள். செவுளுக்கு மேலுள்ள மடிப்பு உறுப்பால் அது காற்றைச் சுவாசிக்கும், செவுள்மூடி முட்களைத் தரையில் ஊன்றி மழைநாளில் குளம் விட்டுக் குளம் ஊர்ந்து போகும் என்பது உறுதி. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் செய்தியை எடுத்துவைத்து நாம் வாதிட முடிகிறதே, ஏன்? ஊர், ஆண்டு, மரம், உயரம் என்று அவர் எழுதி வைத்ததால்தான்.

சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875-க்கும் 1878-க்கும் இடையில் வெளிவந்த தம் இந்திய மீன்கள் நூலில், இலத்தீன் பெயரோடு தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களையும் கொடுத்தார். கரையில் மீனவர்களிடம் கேட்காமல் அந்தப் பெயர்கள் கிடைத்திருக்காது. பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றி, கிரேவ்லி பதிப்பித்த தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது. பரங்கிப்பேட்டையில் ஆர். வி. சேஷையா கடல் உயிரியல் நிலையத்தை வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அமைத்தார். ஆய்வகத்துக்கும் ஆய்வுப்பொருளுக்கும் இடையே தூரமே இல்லை. நம்மில் பலர் மனப்பாடம் செய்த ஏகாம்பரநாத அய்யரின் விலங்கியல் கையேட்டில் இணையாசிரியராக இருந்த டி. என். அனந்தகிருஷ்ணன், ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள இலைப்பேன்களை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பாடநூல் எழுதியவர்கள் களத்தில் நின்றவர்கள்.

அவர்களுடைய நூல்களைப் படித்த நாங்கள் என்ன செய்தோம்? ரெக்கார்டு நோட்டு எழுதினோம். எச்.பி. பென்சிலைக் கூராகச் சீவி, முந்தின ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து வரைந்து, வலப்பக்கம் கோடிழுத்துப் பாகங்களைக் குறித்தோம். அந்த அண்ணனும் தனக்கு முந்தினவரைப் பார்த்து வரைந்ததுதான். செய்முறைத் தேர்வில் மேசை மேசையாக ஸ்பாட்டர்கள், அதாவது அடையாளம் காண வேண்டிய மாதிரிகள், இருக்கும். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். பெயர் எழுதினால் மதிப்பெண், தொகுதி எழுதினால் மதிப்பெண். வாழிடம் என்ற இடத்தில் 'கடல்' என்று ஒரு சொல் எழுதினால் போதும். எந்தக் கடல் என்று எந்தத் தேர்வாளரும் கேட்டதில்லை. நானும் பின்னால் தேர்வாளராகப் போய்க் கேட்காமல்தான் வந்தேன்.

அறுவைக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் ஒரு ஆள் சாக்கில் தவளைகளைக் கொண்டுவந்து ஆய்வக வாசலில் கொட்டுவார். மெழுகுத் தட்டில் நான்கு கால்களிலும் குண்டூசி குத்தித் தொடங்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் இதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014-இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் நிறுத்தச் சொன்னது. அதை நான் வரவேற்றவன். ஏற்கெனவே தெரிந்த ஒரு நரம்பை மறுபடி பார்ப்பதற்காக வகுப்புக்கு வகுப்பு இத்தனை உயிர்களைக் கொல்லத் தேவையில்லை. ஆனால் செத்த விலங்கை எடுத்த இடத்தில் உயிருள்ள விலங்கை நாம் வைக்கவில்லை. விளக்கப்படம் வைத்தோம், பிறகு கணினித் திரை வைத்தோம். தன் கையால் ஒரு விலங்கைத் தொடாமல், தன் கண்ணால் ஒன்றைக்கூட ஒரு மணி நேரம் கவனிக்காமல், ஒருவர் இன்று விலங்கியலில் முதுநிலைப் பட்டம் வாங்கிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பை நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீன் இறங்குதளத்துக்குக் கூட்டிப்போனேன். விடிந்தும் விடியாத நேரம். ஏலம் முடிந்து, வெட்டிக் கொடுக்கும் பெண்கள் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு வந்த மாணவி ஒருத்தி சுறாவின் மூளை நரம்புகளைப் படம் பார்த்து ஏழெட்டு முறை வரைந்தவள். குவியலில் கிடந்த சுறாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "இது என்ன மீன், ஆயா?" என்றாள். "பால்சொறா, கண்ணு. புள்ள பெத்தவளுக்குக் குடுக்கிறது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா வயிற்றைக் கீறினார். உள்ளே விரல் நீளத்தில் குட்டிகள். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். குட்டியின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய கொடி ஒன்று தாயின் உள்ளே ஓடியது. "பாரு, நமக்கு மாதிரியே தொப்புள்கொடி" என்றார். மாணவி அந்தக் கொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். 'குட்டி ஈனும் வகை' என்று அவள் நோட்டில் ஒரு வரி இருந்தது. அந்த வரி அன்று காலைதான் அவளுக்குப் புரிந்தது. மானியக் குழு தடுக்காத அறுவை வகுப்பு ஒன்று நம் கரை நெடுக நாள்தோறும் நடக்கிறது, நாம்தான் போவதில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் அவளுக்கு இன்னொன்று சொன்னேன். இந்தியக் கடல்களின் சுறாவைப் பற்றி, மாணவர்களுக்கென்று 1928-இல் ஒரு தனி நூல் வந்தது. எழுதியவர் எவாஞ்சலின் தில்லையம்பலம். யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண். லக்னோவில் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் கற்பித்தவர். பல தலைமுறைப் பாடநூல்களின் சுறாப் படங்களுக்கு மூலம் அந்த நூல். "அந்தம்மா பேரை யாரும் சொல்லவே இல்லையே, சார்" என்றாள். அந்தச் சீட்டும் உதிர்ந்துவிட்டதம்மா என்றேன்.

இளைய பேராசிரியர்கள் சிலர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். 'பெரியவர் மூலக்கூறு உயிரியலுக்கு எதிரி.' இல்லை. டி.என்.ஏ. பார்கோடு முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு முன்வைத்தது. ஒரு துண்டுச் சதையிலிருந்து மரபணு வரிசையை எடுத்து, தொகுப்பில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு இனத்தைச் சொல்கிறோம். அந்தத் தொகுப்பில் முதல் வரிசை எப்படி ஏறியது? ஒருவர் அந்த விலங்கைக் கையில் வைத்துப் பார்த்து, பெயர் சொல்லி, இடமும் நாளும் எழுதி, சான்று மாதிரியாக ஜாடியில் போட்டு வைத்ததால் ஏறியது. அவர் தவறாகப் பெயரிட்டிருந்தால் கருவி அந்தத் தவற்றையே துல்லியமாகத் திருப்பிச் சொல்லும். துறைப் பெயர்ப்பலகையை உயிரித்தொழில்நுட்பம் என்று மாற்றி எழுதினாலும், உள்ளே சீட்டு எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அடுத்து, நம்மை எல்லாம் தர்மசங்கடப்படுத்தும் கேள்வி: "இதைப் படிச்சா என்ன வேலை, சார்?" நம் வகுப்பில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் மருத்துவ இடம் கிடைக்காமல் வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டாம். அவர்களிடம் நான் ரொனால்டு ராஸ் கதையைச் சொல்வேன். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் மருத்துவர்தான். ஆனால் அந்தக் கொசுவின் இனப்பெயர் அவருக்குத் தெரியாது. இறகில் புள்ளியுள்ள கொசு என்றுதான் குறித்துக்கொண்டார். இன்றைக்கும் கொசுவின் இனம் தெரிந்தாக வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகி நகரத்துக்கு மலேரியா கொண்டுவரும் கொசு வேறு. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் பெருகும் டெங்குக் கொசு வேறு. சாக்கடைக் கொசு வேறு. எந்தத் தண்ணீரில் எந்தப் புழு என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு நகராட்சிக்கும் ஆள் வேண்டும். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்பரப்பி உயிரிகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பே நடத்துகிறது. பூச்சியை அடையாளம் காண்பது மருத்துவத்துக்கு இரண்டாந்தரமான வேலை என்று யார் சொன்னது?

நமக்கு ஆசிரியராகக்கூடியவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கிறார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தருகிறது. இருளரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக்கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புல் மடிந்த விதத்தைப் பார்த்து வளைக்குள் பாம்பு இருக்கிறதா என்று சொல்கிற கண் அது. ஃப்ளோரிடா அழைத்தது. நம் விலங்கியல் துறைகளில் எத்தனை அழைத்தன?

நம் தலைமுறையின் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். துறைச் சுற்றுலா என்று மண்டபம் என்ற கடற்கரை ஊருக்குப் போன நாங்கள், குருசடை மணலைத் தோண்டிப் பெலனோகிளாசஸ் புழுக்களையும், பாறை புரட்டி நட்சத்திர மீன்களையும் வாளி வாளியாக எடுத்துவந்தோம். கல்லூரிக்கு வந்து சேருவதற்குள் பாதி அழுகும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவானது சரியான முடிவு. பார்ப்பதற்குப் போன இடத்தில் அள்ளிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்.

இந்தக் கருத்தரங்கு முடியும்போது மூன்று விஷயங்கள் தீர்மானமாக வர வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலாவது, ரெக்கார்டு நோட்டுக்கு என்ன மதிப்பெண்ணோ அதே மதிப்பெண் களக் குறிப்பேட்டுக்கும். பயணப்படி இல்லை, பெற்றோர் விடுவதில்லை, செமஸ்டரில் நேரம் இல்லை என்பீர்கள், மூன்றும் உண்மை. விடுதித் தாழ்வாரத்தின் ட்யூப்லைட்டுக்குக் கீழே பல்லி இருக்கிறதல்லவா? எத்தனை மணிக்கு முதல் பல்லி வருகிறது, விளக்கை ஒட்டிய இடத்தை எது பிடிக்கிறது, மழை நாளில் என்ன ஆகிறது? ஒரு பருவம் முழுக்க எழுதட்டும். பேருந்துக் கட்டணம் தேவையில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு துறையும் தன் வளாகத்துக்கும் பக்கத்து ஏரிக்கும் ஒரு விலங்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். ஊரார் சொல்லும் பெயரோடு, ஆண்டுதோறும் திருத்தப்படுவதாக. ஏரி தூர்ந்துபோனாலும் அந்தப் பட்டியல் சாட்சி சொல்லும்.

மூன்றாவது, மீன் வெட்டும் ஆயாவும் பாம்பு பிடிக்கும் இருளரும் செய்முறை வகுப்புக்கு வர வேண்டும். சிறப்புரையாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு, அதே நாற்காலியில் உட்கார்ந்து.

அந்தக் கடல்பாம்பு ஜாடியை நான் தூக்கி எறியவில்லை. புதுச் சீட்டு ஒன்று எழுதி ஒட்டினேன். இனப்பெயர் எழுதினேன். இடம், நாள், சேகரித்தவர் என்ற மூன்று வரிகளையும் வெறுமையாகவே விட்டேன். ஓய்வு பெறும் வரை, முதலாண்டு மாணவர்களை முதல் நாளில் அந்த ஜாடியின் முன்னால்தான் நிறுத்தி வந்தேன்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த விலங்கைப் பற்றிப் பேசினாலும், அதை எங்கே, எந்த நாளில் பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.