தூண் பக்கத்தில் தெரிந்த முழங்கை



ரஷ்ய பாலே பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர் போன் போட்டார். "கோடம்பாக்கத்துல நின்னுக்கிட்டு பீட்டர்ஸ்பர்க் கதையா? யார் வருவா?" என்றார். வந்திருக்கிறீர்கள். அவர்தான் வரவில்லை.

எனக்கு ரஷ்ய பாலேயை அறிமுகப்படுத்தியது புத்தகம் இல்லை, என் அத்தை. டிரஸ்ட்புரத்தில் குடியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் குரூப் டான்சர். எப்போதும் மூன்றாவது வரிசை, அல்லது அதற்கும் பின்னால். பழைய படம் டி.வி.யில் வந்தால் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைப்பார். "அதோ, அந்தத் தூண் பக்கத்துல ஒரு முழங்கை தெரியுது பாரு, அது என்னோடது" என்பார். நாங்கள் பார்ப்பதற்குள் ஷாட் மாறிவிடும். நாயகியின் முகம் வந்துவிடும்.

வீட்டுக்கு டி.வி. வந்த புதிதில் ஒரு நாள் ரஷ்ய பாலே காட்டினார்கள். வெள்ளை உடையில் பெண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒருத்தி சுழன்று சுழன்று ஆடினாள். நாங்கள் வாயைப் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை அவளைப் பார்க்கவே இல்லை. "கடைசியில நிக்கிற பொண்ணுக்குக் கால் நடுங்குது பாரு. பாவம், காலையிலேர்ந்து நிக்க வெச்சிருப்பான்" என்றார். அப்புறம் கேட்டார்: "யாருடா மாஸ்டர்?"

இன்றைக்கு நான் பேசப்போவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். நாற்பது வருஷம் தாமதம். அத்தை இல்லை.

எல்லோரும் பாலே கதையைப் பாரிஸிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ தொடங்குவார்கள். நான் கடலூர்ப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். திருவஹீந்திரபுரம். தேவநாதப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். அந்த ஊரிலிருந்து ஐந்து தேவதாசிப் பெண்கள், நட்டுவனாரும் வாத்தியக்காரர்களுமாக மூன்று ஆண்கள், 1838-இல் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். தார்திவேல் என்கிற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிப்போனார். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பார்த்துப் பாரிஸ் மயங்கியது. பார் என்கிற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். தெயோஃபீல் கோத்தியே என்ற எழுத்தாளர் அவளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை. பாரிஸ்காரர்கள் அதற்கு எட்டு வருஷம் முன்பே 'தேவதாசி'யைப் பார்த்துவிட்டார்கள். 1830-இல் மரி தாக்லியோனி என்கிற பெரிய பாலே நட்சத்திரம் 'பயதேர்' வேடத்தில் ஆடியிருந்தார். கோயில் நடனப் பெண்ணுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் அது. ஆக, அசல் வந்தபோது நகல் ஏற்கெனவே ஊரறிந்ததாகிவிட்டது. நம் படத்தை நாமே ரீமேக்கில் முதலில் பார்த்துவிட்டு அசலைப் பார்த்தால் சப்பென்று இருக்குமே, அப்படி இருந்திருக்கும் சிலருக்கு. கோத்தியேவுக்கு அப்படி இல்லை. அவர் மூன்று வருஷம் கழித்து 'ஜிஸேல்' என்ற புகழ்பெற்ற பாலேவுக்குக் கதை எழுதினார். 1858-இல் சகுந்தலை கதையையும் பாலே ஆக்கினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெதிப்பா.

அந்த லூசியனின் தம்பிதான் மாரியுஸ் பெதிப்பா. மார்சேயில் பிறந்தவர். 1847-இல் பிழைப்புத் தேடி பீட்டர்ஸ்பர்க் போனவர், அங்கேயே தங்கி, ரஷ்ய பாலேயின் பெரிய மாஸ்டர் ஆகிவிட்டார். ரஷ்ய பாலே என்கிறோம். மாஸ்டர் பிரெஞ்சுக்காரர், வாத்தியார்களில் யோஹான்ஸன் சுவீடன்காரர், செக்கேத்தி இத்தாலிக்காரர். கோடம்பாக்கத்தில் இதெல்லாம் ஆச்சரியமே இல்லை. இங்கே தமிழ்ப் படம் எடுக்க ஆந்திராவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஆள் வந்து இறங்கியதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

1877-இல் மாரியுஸ் பெதிப்பா 'லா பயதேர்' என்று ஒரு பாலே போட்டார். கதை நடக்கிற இடம் கோல்கொண்டா. நாயகி நிக்கியா, கோயில் தேவதாசி. அவளைக் காதலித்த வீரன் வேறு ஒருத்தியை மணக்கச் சம்மதிக்கிறான். பூக்கூடையில் ஒளித்து அனுப்பிய பாம்பு தீண்டி அவள் சாகிறாள். நம் ஊர் சபாவில் இதைப் போட்டால் முதல் பத்து நிமிஷத்தில் சிரித்துவிடுவோம். கோயில் இருக்கிறது, ராஜா இருக்கிறார், தீ வளர்க்கிறார்கள், ஆனால் இசை மின்குஸ் என்பவர் போட்ட வால்ட்ஸ்.

ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடாதீர்கள். அடுத்து ஒரு காட்சி வரும். துக்கத்தில் அபின் புகைத்து மயங்குகிற வீரனின் கனவு. மேடையின் பின்னாலே இருட்டு. ஒரு சரிவுப் பாதை. அதில் வெள்ளை உடுத்திய ஒருத்தி வருகிறாள். ஒரு காலில் நின்று, மற்றக் காலைப் பின்னுக்கு நீட்டி, உடம்பை முன்னால் சாய்க்கிறாள். பிறகு நிமிர்ந்து கையை மேலே வளைக்கிறாள். இரண்டு அடி நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதே அசைவு. இன்னொருத்தி. பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் முப்பத்திரண்டு பேர் இப்படி இறங்குவார்கள். கடைசிப் பெண் இறங்கி முடிக்கிற வரைக்கும் முதல் பெண் அந்த ஒற்றைக்கால் சாய்வை முப்பது தடவைக்கு மேல் செய்தாக வேண்டும். ஒருத்திக்கு முட்டி லேசாக ஆடினால் போதும், வரிசை முழுவதும் கெட்டுவிடும். அங்கே நாயகி கிடையாது. தனியாவர்த்தனம் கிடையாது. ரஷ்ய பாலே சாதித்ததில் உச்சம் எது என்று கேட்டால், நாயகியின் முப்பத்திரண்டு சுழற்சி என்று பலர் சொல்வார்கள். நான் இந்த முப்பத்திரண்டு பேரைத்தான் சொல்வேன்.

இப்படி ஒரு வரிசையை எப்படிச் செய்தார்கள்? யாரை வைத்துச் செய்தார்கள்? 1738-இல் பீட்டர்ஸ்பர்க்கில், பேரரசி அன்னாவின் அரண்மனையில் லாந்தே என்ற பிரெஞ்சு வாத்தியார் நடனப் பள்ளி தொடங்கினார். பன்னிரண்டு பையன்கள், பன்னிரண்டு பெண்கள். பிரபுக்களின் பிள்ளைகளா? இல்லை. அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள். மாஸ்கோவில் 1773-இல் நடன வகுப்பு தொடங்கியது எங்கே தெரியுமா? அநாதை இல்லத்தில். ஷெரமேத்தெவ் பிரபுவின் மாளிகை அரங்கில் ஆடியவர்கள் அவருடைய பண்ணையடிமைகள். ஜார் மன்னர் உட்கார்ந்து பார்த்த அந்த ஒய்யாரக் கலைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் இவர்கள். கேட்கும்போது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

'பாலே வானத்தை நோக்கும், பரதம் மண்ணை நோக்கும்' என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அழகான வாக்கியம். முட்டியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். அரைமண்டியில் உட்காரும்போது தொடை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், பாலேயிலும் அதேதான். இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் இங்கேயும் அங்கேயும் முட்டிதான் போகும். என் அத்தைக்குப் போனது.

அந்தப் பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் 1891-இல் பத்து வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். பெண் நோஞ்சான், நெட்டைக் கைகால். கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர் 'துடைப்பம்'. பாதத்தின் வளைவு மிக உயரம் என்பதால் விரல் நுனியில் நிற்பதே அவளுக்குக் கஷ்டம். நடனக் காலணியின் அடியில் கெட்டித் தோல் வைத்துத் தைத்துக்கொண்டாள். அவள்தான் அன்னா பாவ்லோவா. சாகும் அன்னமாக ஆடி உலகத்தை அழ வைத்தவர். அதற்கு முன்பே, 1902-இல், மரீன்ஸ்கியில் நிக்கியாவாக ஆடினார். நம் கடலூர்ப் பெண்ணின் நிழலின் நிழலாக, வெளுக்கிற வீட்டுப் பெண்.

பாவ்லோவா இந்தியா வந்தார். 1922-இலும், மறுபடி 1920-களின் கடைசியிலும். ஆட மட்டும் வரவில்லை, இந்த நாட்டு நடனம் எங்கே என்று தேடினார். யாரும் சரியாகக் காட்டவில்லை. காட்ட வேண்டியவர்களைப் பற்றி அப்போது சென்னைச் சட்டசபையில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. தேவதாசி முறை ஒழிய வேண்டியதுதான், முத்துலட்சுமி ரெட்டி செய்தது சரிதான், 1947-இல் சட்டம் வந்ததும் சரிதான். ஆனால் முறையை ஒழித்த கையோடு அவர்களின் பெயர்களையும் துடைத்துவிட்டோமே, அதில்தான் எனக்கு வருத்தம்.

பாவ்லோவா இந்த ஊருக்கு இரண்டு வாசல் வழியாக வந்தார். ஒரு வாசல் எல்லோருக்கும் தெரியும்: அடையாறு. ஆஸ்திரேலியா போகிற கப்பலில் ருக்மிணி தேவி அவருக்கு நெருங்கிய தோழியானார். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். 'உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள்' என்று பாவ்லோவா சொன்னதன் பேரில் தேடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய் நின்றார். 1935-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டி விழாவில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. இதில் ஒரு பெயரை மெதுவாகச் சொல்கிறேன்: மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். மாட வீதியில் தினமும் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இரண்டாவது வாசல் நம் வாசல். 1923-இல் லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பாவ்லோவா பிடித்து, தான் ராதையாகவும் அவரைக் கிருஷ்ணனாகவும் வைத்து ஆடினார். உதயசங்கர். பிற்பாடு அவர் அல்மோராவில் ஒரு கலைமையம் நடத்தினார்; பாலசரஸ்வதியின் குரு கந்தப்பப் பிள்ளை அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். பணமில்லாமல் மையம் மூடியது. உதயசங்கர் 'கல்பனா' என்று ஒரு படம் எடுக்க வந்து இறங்கிய இடம் நம் ஜெமினி ஸ்டூடியோ. படம் 1948-இல் வந்தது. அதே ஸ்டூடியோவில் அதே வருஷம் வாசன் வெளியிட்டது 'சந்திரலேகா'. முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடுகிற அந்த நடனத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். அத்தனை கால்களும் ஒரே தட்டில் விழும். கல்பனாவில் ஆடிய பத்மினி பிறகு தமிழ் நாட்டையே ஆட்டிவைத்து, 1957-இல் இந்திய–சோவியத் கூட்டுப் படமான 'பர்தேசி'யிலும் நடித்தார். ரஷ்யாவிலிருந்து வந்த வழி திரும்பவும் ரஷ்யாவுக்கே போய்விட்டது.

அடையாறு வாசலுக்குப் புத்தகம் உண்டு, பவள விழா உண்டு. நம் வாசலுக்கு? நாகரா டேப் ஓட, "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று எண்ணிக்கொண்டு வெயிலில் ஆடிவிட்டு, பேட்டா வாங்கிக்கொண்டு பவர் ஹவுஸ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே பின்வரிசையில் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும்.

அத்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்று டி.வி.யில் வந்தது 'ஸ்வான் லேக்'. 1877-இல் மாஸ்கோவில் முதலில் போட்டபோது எடுபடவில்லை. 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக அமைத்தபோதுதான் நின்றது. மாஸ்டர் யார் என்றால் பெதிப்பா என்பார்கள். ஆனால் ஏரிக்கரையில் அன்னங்கள் வரிசையாய் வருகிற காட்சிகள், கைகோத்து நான்கு குட்டி அன்னங்கள் ஆடுவது, இவற்றை அமைத்தவர் அவர் இல்லை. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த லெவ் இவானோவ். பெதிப்பா நோயில் படுத்தபோது 'நட்கிராக்கர்' பாலேயை முடித்துக்கொடுத்ததும் அவரே. உதவி மாஸ்டர் அமைத்த பாட்டு, டைட்டிலில் பெரிய மாஸ்டர் பெயர். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா? அத்தை, அந்த மாஸ்டர் பெயர் இவானோவ்.

பேச்சு போதும். இப்போது திரையில் அந்தப் பயதேர் காட்சியைப் போடப்போகிறோம், ஏழெட்டு நிமிஷம். முதலில் வருகிறவளை விட்டுவிடுங்கள், அவளை எல்லோரும் பார்ப்பார்கள். எல்லோரும் இறங்கின பிறகு சரிவின் மேலே ஒருத்தி மிச்சம் இருப்பாள். தம்பி, அந்த விளக்கை அணைச்சிடுங்க.