கணக்கில் வராத நடை



அடிமைகளின் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கப்பல், சங்கிலி, சவுக்கு என்று ஆரம்பித்தால் நீங்கள் சினிமாவில் பார்த்ததைத்தான் நானும் சொல்வேன். அதனால் ஒரே ஒரு பிள்ளையைக் கையோடு கூட்டி வந்திருக்கிறேன். அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த பிள்ளை. பெயர் பிரெடெரிக். பின்னாளில் பிரெடெரிக் டக்ளஸ் என்று உலகமே அறிந்த மேடைப் பேச்சாளர். 1838-இல் தப்பி ஓடினார். 1845-இல் தன் கதையைத் தானே எழுதினார். எழுதும்போதும் சட்டப்படி அவர் இன்னொருவருடைய சொத்துதான்!

அவர் சிறுவனாக இருந்தது கர்னல் எட்வர்ட் லாயிட் என்பவரின் பண்ணையில். லாயிட் குடியிருந்த அந்தப் பண்ணையில் மட்டும் முந்நூறு, நானூறு அடிமைகள். புகையிலை, சோளம், கோதுமை விளைந்த பூமி. அங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வளர்ந்த ஆளுக்கு மாதம் எட்டுப் பவுண்டு பன்றி இறைச்சி, இல்லாவிட்டால் அதற்கு ஈடாக மீன். நம் அளவில் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு புஷல் சோள மாவு, அதாவது சுமார் 35 லிட்டர் பிடிக்கும் அளவு. நாம் படியளக்கிறவன் என்றால் ஆண்டவனைச் சொல்வோம். அங்கே படியளந்தவன் ஆண்டைதான்.

குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முரட்டுச் சட்டை. செருப்பு கிடையாது, கால்சட்டை கிடையாது. சட்டை கிழிந்து போனால் அடுத்த அளப்பு நாள் வரைக்கும் அம்மணம். மேரிலாந்தில் பனிக்காலம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? ஆலைக்குச் சோளம் கொண்டுபோகும் சாக்கு ஒன்றைத் திருடி வைத்துக்கொண்டது. ராத்திரி தலையை உள்ளே விட்டு அதற்குள் நுழைந்து, ஈர மண்தரையில் படுத்துக்கொள்ளும். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குளிரில் பாதம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

பெரியவர்களுக்கும் படுக்கை கிடையாது; ஆளுக்கு ஒரு கம்பளி. ஆனால் படுக்கை இல்லையே என்று அவர்கள் அவ்வளவாக வருந்தவில்லை என்கிறார் டக்ளஸ். தூங்க நேரம் இல்லாததுதான் பெரிய குறை. இருட்டிய பிறகு வயலிலிருந்து வந்து, துணி துவைத்து, கிழிசல் தைத்து, நாளைக்கான சாப்பாட்டையும் செய்து வைத்துவிட்டுப் படுத்தால், விடியுமுன்னே கொம்பு ஊதிவிடும். எழுந்து வரத் தாமதித்தால் வாசலிலேயே தடியும் சாட்டையுமாக ஒரு கங்காணி நிற்பான். அவன் பெயர் சிவியர். ஆங்கிலத்தில் கடுமை என்று பொருள். கதை எழுதுகிறவன் இப்படிப் பெயர் வைத்தால் மிகை என்று நாமே திருத்தச் சொல்லியிருப்போம்.

அவர்கள் பாடினார்கள். பெரிய வீட்டுக்குப் படி வாங்கப் போகும் நாளில் காடே அதிரப் பாடிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்ட வடக்கத்தி வெள்ளைக்காரர்கள், பாவம், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்கள். நடவுப்பாட்டைக் கேட்டு நம்மிலும் பலர் அப்படித்தான் நினைத்தோம். ஒப்பாரிக்கும் ராகம் உண்டு ஐயா!

இப்போது அந்தப் பிள்ளையின் தாயிடம் வருகிறேன். பெயர் ஹாரியட் பெய்லி. கைக்குழந்தையாக இருந்தபோதே பிள்ளையைப் பிரித்துப் பாட்டியிடம் விட்டுவிட்டார்கள். தாயைப் பன்னிரண்டு மைல் தள்ளி வேறொருவர் வயலுக்கு வாடகைக்கு விட்டார்கள். மாட்டை விடுவதுபோல. பகல் முழுக்க வயல்வேலை. அது முடிந்தபின் இருட்டில் நடந்து வருவாள். பிள்ளை பக்கத்தில் படுத்துத் தூங்கப் பண்ணுவாள். அது கண் விழிக்கும்போது அவள் இருக்க மாட்டாள். விடியும்போது வயலில் நிற்காவிட்டால் சவுக்கடி. போக வர 38 கிலோமீட்டர். இங்கே தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற தூரம், ஏறத்தாழ. ஒரே ராத்திரியில்!

இப்படி அவள் வந்தது நான்கைந்து முறைதான். பகல் வெளிச்சத்தில் தாய் முகத்தைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை.

ஒரு நாள் சமையற்கட்டை ஆண்டுகொண்டிருந்த கேட்டி என்ற கிழவி ஏதோ கோபத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டாள். அவளும் அடிமைதான், அதிகாரம் ஒழுகி ஒழுகி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். அன்று ராத்திரி பையன் யாருக்கும் தெரியாமல் நாலு சோளமணியை எடுத்துச் சாம்பலில் சுட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத் தாய் உள்ளே வந்தாள். கிழவியை ஒரு பிடி பிடித்தாள். மகன் கையில் இஞ்சி போட்ட கேக் ஒன்றைக் கொடுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவன் அவளைக் கடைசியாகப் பார்த்தது. அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது அவள் இறந்தாள். பிள்ளையைப் பார்க்கவும் விடவில்லை, அடக்கத்துக்கும் விடவில்லை.

அடிமைமுறைக்கு எதிராக நம் நாட்டில் 1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. இன்னார் என் அடிமை என்று சொல்லி இனி எந்த நீதிமன்றத்திலும் உரிமை கோர முடியாது என்றது. அமெரிக்கா முழுமைக்கும் அந்த விடிவு வர 1865 ஆயிற்று. டக்ளஸ் மட்டும் முன்னதாக, 1846-இல், விடுதலைப் பத்திரம் பெற்றார். இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் வசூலித்து, அவரை அவருக்கே வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனாலும் ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. தான் பிறந்த நாள். அடிமைகள் தங்கள் பிறப்பை நடவுக்காலம், அறுப்புக்காலம், செர்ரி பழுக்கும் காலம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆண்டைக்கு வயது தெரியும். கேட்டால் அதிகப்பிரசங்கி என்ற பேர். 1817 ஆக இருக்கலாம் என்று அவர் கணித்து வைத்திருந்தார். 1895-இல் காலமானார்.

அவருடைய முதல் ஆண்டை ஆரன் அந்தோணி, லாயிட் பண்ணையின் காரியஸ்தர். அவர் எழுதி வைத்த கணக்குப் புத்தகம் இன்றைக்கும் இருக்கிறது. அதில் அடிமைப் பிறப்புகளுக்கென்று ஒரு பட்டியல். பிரெடெரிக் அகஸ்டஸ், ஹாரியட்டின் மகன், 1818 பிப்ரவரி என்று ஒரு வரி. தேதி இல்லை. தகப்பன் பெயர் இல்லை. அந்தத் தாய் ராத்திரியில் நடந்த மைல்களை எழுத அந்தப் புத்தகத்தில் பத்தியே இல்லை.