ஆற்றங்கரைத் தாவரங்களும் மாதிரிக் கணக்கெடுப்பும்
(உரையின் எழுத்து வடிவம்)

திருப்பதிக்கு அருகே ஓடும் சுவர்ணமுகி, தமிழில் பொன்முகலி என்று போற்றப்படும் ஆறாகும். அது கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளில் தோன்றித் திருக்காளத்தி வழியாக வங்கக் கடலை அடைகிறது. சித்தூர் நகரையொட்டிப் பாயும் நீவா நதி, பொன்னையாறு என்ற பெயருடன் தமிழ்நாட்டில் பாலாற்றுடன் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் காணப்படும் இவ்வாறுகள் வடகிழக்குப் பருவமழையில் திடீரெனப் பெருக்கெடுப்பவை. 2021 நவம்பரில் சுவர்ணமுகி கரைபுரண்டதை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளத்தின்போது மண்ணைப் பற்றி நிற்பவை நாணல், கோரை, நொச்சி, புங்கம், நீர்மருது ஆகியவற்றின் வேர்களே. 1870களின் இறுதியில் அண்டையிலுள்ள கடப்பைப் பகுதியில் விறகுக்காக நடப்பட்ட சீமைக் கருவேலம், இன்று ஆற்றோரங்களிலும் பரவியுள்ளது. எங்கே அதை அகற்றுவது, எங்கே புதிய மரங்களை நடுவது என்று முடிவு செய்ய, கரையில் என்ன வளர்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஆறு முழுவதையும் எண்ணுவது இயலாது. ஆகவே மாதிரிக் கணக்கெடுப்பு அவசியமாகிறது.

சாலையை ஒட்டிய இடங்களிலும் பாலத்தடியிலும் மட்டும் அளப்பது எளிது; ஆனால் அது தவறான வழி. ஆள் நடமாட்டமும் கால்நடை மேய்ச்சலும் மிகுந்த அவ்விடங்கள் ஆற்றின் பிற பகுதிகளைப் பிரதிபலிப்பதில்லை. அங்கு எத்தனை இடங்களை அளந்தாலும் பிழை குறையாது.

ஆற்றங்கரைத் தாவரங்கள் நீரிலிருந்து விலகும் தொலைவுக்கும் உயரத்திற்கும் ஏற்ப மாறுபவை. எனவே அளவுக் கோடுகளை ஆற்றின் போக்கிற்குக் குறுக்காக அமைக்க வேண்டும். 20 கிலோமீட்டர் நீளமுள்ள பகுதியில் 2 கிலோமீட்டருக்கு ஒரு கோடு போதும் எனக் கொண்டால், முதல் கோட்டின் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, மற்ற ஒன்பதையும் சம இடைவெளியில் வகுக்கலாம். ஒவ்வொரு கோட்டிலும் மணற்படுகை, கரைச்சரிவு, கரைமேடு என மூன்று பிரிவுகள் அமையும். புல் பூண்டுகளுக்கு 1 மீட்டர், புதர்களுக்கு 5 மீட்டர், மரங்களுக்கு 10 மீட்டர் பக்கமுள்ள சதுரங்கள் பொதுவாகப் பயன்படுகின்றன.

பிரிவுகளின் பரப்பைக் கருதாமல் சராசரி காண்பது ஆபத்தானது. ஓர் உதாரணம்: கரைமேட்டில் 70 சதவீதச் சதுரங்களிலும், சரிவில் 20 சதவீதச் சதுரங்களிலும் சீமைக் கருவேலம் இருக்கிறது, படுகையில் இல்லை. நேர்ச் சராசரி 30 சதவீதம். ஆனால் மேடு மொத்தப் பரப்பில் 20 சதவீதமும், சரிவு 30 சதவீதமும், படுகை 50 சதவீதமும் ஆயின் உண்மை அளவு 20 சதவீதமே. பிழையான அந்தக் கணக்கை நம்பினால் அகற்றும் செலவு ஒன்றரை மடங்காக மதிப்பிடப்படும்.

எத்தனை சதுரங்கள் தேவை? மாதிரிப் பிழையைப் பாதியாக்கச் சதுரங்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, தாவரங்கள் இடத்துக்கிடம் மிகவும் வேறுபடும் பிரிவில் கூடுதலாக அளப்பதே சிக்கனம். நெய்மன் 1934-இல் விளக்கிய நெறி இது. செலவையும் துல்லியத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை, 1937-இல் தொடங்கிய வங்காளச் சணல் பயிர்க் கணக்கெடுப்பில் பேராசிரியர் மகலனோபிஸ் செயலில் காட்டினார். ஒரே பகுதியை இரு குழுக்கள் தனித்தனி மாதிரிகளைக் கொண்டு அளந்து ஒப்பிடும் முறையும் அவருடையதே. களப்பணியாளரின் பிழை அதனால் வெளிப்படும்.

கண்காணிப்பு என்பது ஒருமுறை எண்ணுவதன்று. கோடுகளின் முனைகளில் கல் நட்டு, ஆண்டுதோறும் அதே பருவத்தில், அதே சதுரங்களை அளந்தால்தான் மாற்றம் புலப்படும். மழைக்குப் பின் ஓராண்டும் கோடையில் மறு ஆண்டும் அளந்தால், பருவத்தின் வேறுபாடே கரையின் அழிவாகத் தோன்றக்கூடும்.

2022 ஏப்ரல் 4 முதல் சித்தூரும் திருப்பதியும் தனித்தனி மாவட்டங்களாக உள்ளன. நீவாவின் கணக்கும் சுவர்ணமுகியின் கணக்கும் ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டுமானால், இரு மாவட்ட அலுவலர்களும் ஒரே அளவு முறையைப் பின்பற்றுவது இன்றியமையாதது. அடுத்த வெள்ளத்திற்கு முன் எந்தக் கரையைப் பலப்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கு, முறையாக அளந்த சில நூறு சதுரங்கள் நம்பத்தக்க விடை தரும்.